எனக்கு நானே கொடுத்த அனுபவச் சான்றிதழ்

அனுப்புநர்:
உரிமையாளர்,
துணி ஆல்டரேஷன் கடை,
மருந்துக்கடை மாடிப்படிக்குக் கீழ்.

பெறுநர்:
வணிக உரிம அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: என் சான்றிதழில் குத்திய "போலி" முத்திரையை நீக்கி, தற்காலிகக் கடை உரிமத்தை நிரந்தரமாக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் வேற்று நாட்டிலிருந்து குடியேறியவள். அங்கே ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். இங்கு நான் ஏறி இறங்காத தையல் கம்பெனி இல்லை. எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். உள்ளூர் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்றேன். சிரித்தார்கள். வேலை மட்டும் கொடுக்கவில்லை.

2. ஒருநாள் என் கணவர் சலித்துப்போய், "உனக்கு நீயே வேலை போட்டுக் குடுத்துக்கோ, வேற யாரும் குடுக்கப் போறதில்ல" என்றார். அவர் சலிப்பில் சொன்னதை நான் பிடித்துக்கொண்டு, தற்காலிக உரிமத்தில் இந்தக் கடையைத் திறந்தேன். எங்களைப் போன்றவர்கள் கடை வைத்தால் துணிச்சல்காரர்கள் என்கிறார்கள். ஐயா, எனக்கு வேறு வழி இல்லை, அவ்வளவுதான். துணிச்சல் பிறகு வந்தது, வாடிக்கையாளர்கள் வந்த பிறகு.

3. உரிமத்தை நிரந்தரமாக்க, உள்ளூர் முதலாளி ஒருவரின் அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்றது தங்கள் அலுவலகம். எனக்கு வாய்த்த ஒரே உள்ளூர் முதலாளி நான்தான். ஆகவே, "இவர் என்னிடம் ஒழுங்காக வேலை செய்கிறார், கோபம் சற்று அதிகம்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எதையும் மறைக்கவில்லை. முதலாளி, ஊழியர் இரண்டு இடத்திலும் என் பெயர்தான் இருக்கிறது. அதன்மேல் தங்கள் அலுவலகம் அசட்டுத்தனம் என்று எழுதியிருந்தால் தலையாட்டியிருப்பேன். போலி என்றது வலிக்கிறது.

4. ஆகவே தங்கள் ஆய்வாளரைக் கடைக்கு அனுப்பி, நான் மாற்றிய ஜிப்பையும், தொளதொளத்த பேன்ட்டில் பிடித்துத் தைத்துக் கொடுத்த இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் முத்திரையை நீக்கி உரிமம் வழங்க வேண்டுகிறேன். உரிமம் இல்லையேல் வெள்ளிக்கிழமை கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

5. இன்னொன்று. அண்மையில் ஒரு பெண்ணை வேலைக்குச் சேர்த்தேன். அவரும் இங்கு புதிதாக வந்தவர். அனுபவம் உண்டா என்று நான் கேட்கவில்லை. ஒரு பேன்ட்டைக் கொடுத்து நீளம் குறைக்கச் சொன்னேன். நாளை அவர் வேறிடம் வேலை தேடிப் போனால், கையில் இருக்கப்போவது என் சான்றிதழ்தான். என் கையொப்பம் எனக்குச் செல்லாது என்றால் பொறுத்துக்கொள்வேன். அவருக்குச் செல்ல வேண்டும், ஐயா.

தங்கள் நல்ல முடிவை எதிர்பார்த்து,

(கையொப்பம்)
கடை உரிமையாளர்

இடம்: மேற்படி கடை
நாள்: உரிமம் முடியும் வாரம், திங்கட்கிழமை