திராட்சைப் பந்தலுக்குத் தைத்த கோட்டு

நவம்பர் 10, திங்கள்

சண்முகத்தாய் பெரியம்மா தண்ணீர் குடிக்கும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறார். இன்று மூன்று முறை பார்த்துவிட்டேன். துணியையும் நூலையும் தவிர அவர் எதையும் தொடவில்லை. பூச்சிமருந்துக் கடை வேலையை விட்டு ஐந்து மாதம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை போல.

திராட்சைத் தோட்டத்தில் நாங்கள் அப்படிக் கழுவியதே இல்லை. மருந்துக் கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தூக்குவாளியைத் திறப்போம்.

இங்கே எனக்கு இன்று முதல் நாள். சின்னமனூர் ரோட்டில் ஒரு அறை, இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டுமேசை. காஜா எடுத்துப் பட்டன் கட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியம்மா அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 13

பெரியம்மா ஏன் கடையை விட்டார் என்று அம்மா சொன்னாள். சுந்தர்ராஜ் அண்ணன் கடையில் பதினெட்டு வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவர். ஒருநாள் கழுத்தெல்லாம் தோல் உரிந்த ஒரு பெண் வந்து, இதற்குக் களிம்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். அவளைப் புண்ணாக்கிய மருந்தைத்தான் அந்த நேரம் பெரியம்மா வேறு ஒருவருக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாராம். மறுநாள் கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டார்.

அப்புறம் மூன்று மாதத் தையல் வகுப்பு. என் வயதுப் பெண்களுக்கு நடுவில். திராட்சைத் தோட்டத்துப் பெண்களுக்கு மருந்து மேலே படாத கோட்டு தைப்பது என்று முடிவு செய்துகொண்டே போனாராம்.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது பத்து நாள் மட்டும் என்று தோட்டத்துக்குப் போனேன். ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்பிப் போகவே இல்லை. நான் பதினாலு வயதில் எழுந்து வந்த பெஞ்சில் இவர் நாற்பத்தொன்பது வயதில் போய் உட்கார்ந்திருக்கிறார்.

நவம்பர் 17

ஓடைப்பட்டி ஈஸ்வரபாண்டி தோட்டத்துக்கு நாற்பது கோட்டு. முதல் ஆர்டர். அம்மா வேலை செய்யும் தோட்டம்தான். என் முழங்கை மடிப்பில் புண் வரும் வரை நானும் அங்கேதான் இருந்தேன். பெண்கள் விரும்பிப் போட்டால் பக்கத்துத் தோட்டக்காரர்களும் வாங்குவார்களாம். போடாவிட்டால் இதோடு சரி. தை பிறக்கும் வரை பெரியம்மாவின் நாற்காலியைக் காலியாக வைத்திருப்பதாகச் சுந்தர்ராஜ் அண்ணன் வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சாயங்காலம் ஆறு பேர் அளவு கொடுக்க வந்தார்கள். பெரியம்மா ஒவ்வொருவரையும் சுவரோரம் நிறுத்தி, கையைத் தொங்கப் போடச் சொல்லி டேப் பிடித்தார். நான் நோட்டில் எழுதினேன். என்னவோ உறுத்தியது. பந்தலுக்கு அடியில் யார் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்? சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அளவு கொடுக்க வந்த வேல்விழி மதினி என்னையே பார்த்தாள். மூடிக்கொண்டேன். கை நீளம் இருபத்திரண்டு என்று எழுதினேன்.

நவம்பர் 18

பந்தலுக்கு அடியில் எப்படி நிற்போம் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

நவம்பர் 26

நாற்பதும் முடிந்தது. கெட்டிப் பருத்தி, கழுத்து வரை காலர், மணிக்கட்டில் எலாஸ்டிக். பெரியம்மா ஒன்றைப் போட்டுக்கொண்டே டீக்கடைக்கு நடந்தார். எந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை என்று டீக்கடைக்காரர் கேட்டாராம். திரும்பி வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்குக் கூச்சமே கிடையாதா? எனக்குத் தாவணியை மாற்றிக் கட்டினாலே தெருவில் நடக்க முடியாது.

நவம்பர் 28, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு.

நானும் பெரியம்மாவும் தோட்டத்துக்குப் போயிருந்தோம். இன்று கொத்து முக்கும் வேலை. மருந்து டம்ளரைத் தலைக்கு மேலே தூக்கிக் கொத்துக் கொத்தாக அதில் முக்க வேண்டும். கை மேலே போனதும் கோட்டும் கூடவே ஏறியது. எலாஸ்டிக் முழங்கைக்கு இறங்கிவிட்டது. வழிந்த மருந்து நேராகக் கைக்குள் ஓடி, அக்குளில் துணியெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டது. சேலைக்கு மேலே போடும் பழைய ஆம்பளைச் சட்டையாவது காற்றில் காயும். இது காயவில்லை.

ஒரு மணி நேரத்தில் எல்லாக் கோட்டும் கல்தூணில் தொங்கின. வேல்விழி மதினி சொன்னாள்: "ஏக்கா, மருந்தையும் நீகளே வித்தீக. இப்ப அது ஒழுகாமப் பிடிச்சு வைக்க ஒறையும் நீகளே தச்சுட்டீக."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியம்மா கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். திரும்பும்போது பஸ்ஸில், ரெண்டு நாள் போட்டால் பழகிவிடும் என்றார். பழகாது. எனக்குத் தெரியும். முன்னாடியே தெரியும்ல? இருபத்திரண்டுன்னு எழுதினது நான்தான.

நவம்பர் 29

அம்மாவிடம் சொல்லி அழுதேன். "அன்னைக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்த?" என்றாள்.

டிசம்பர் 1, திங்கள்

காலையில் சுந்தர்ராஜ் அண்ணன் போன். "சரிண்ணே, பாக்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியம்மா வைத்தார். கத்தரிக்கோலைத் தொடவில்லை. உட்கார்ந்தே இருந்தார்.

நான் வெட்டுமேசைக்கு முன்னால் போய் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றேன்.

"என்னத்தா, கை பிடிச்சுக்கிருச்சா?"

"இப்படித்தான் நிப்போம் பெரியம்மா. காலையில எட்டு மணிலருந்து. அளவெடுக்கும்போதே சொல்லியிருக்கணும்."

திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து வந்து எனக்கு எதிரே நின்று அவரும் கையைத் தூக்கினார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாலு நிமிடம். கை தானாக இறங்கிவிட்டது.

ஏன் முன்னமே சொல்லவில்லை என்று என்னைக் கேட்கவே இல்லை. "தண்ணிக்கு எத்தன மில்லி ஊத்தணும்னு பதினெட்டு வருசமாச் சொன்னேன். அதை எப்பிடித் தூக்குறீகன்னு ஒரு நாளும் கேக்கல" என்றார்.

டிசம்பர் 3

பெரியம்மா இன்று தோட்டத்தில் கூலியாளாக நின்றார். வேல்விழி மதினிக்குப் பக்கத்து வரிசையாம். அம்மா வந்து சொன்னாள்: "மத்தியானத்துக்கு மேல அக்காவுக்குக் கை ஏறல. ஆனாலும் வரிசைய முடிச்சுட்டுத்தான் வந்தாக."

டிசம்பர் 4

தலை வாரக் கையைத் தூக்க முடியவில்லை அவருக்கு. நான் வாரிவிட்டேன்.

டிசம்பர் 9

நாற்பதையும் துவைத்துப் பிரித்துவிட்டோம். இந்த முறை என்னைக் கை தூக்கி நிற்கவைத்து அளவெடுத்தார். அக்குளில் சதுரமாக ஒரு துண்டு சேர்த்தோம். இப்போது கை மேலே போனாலும் கோட்டு ஏறுவதில்லை. எலாஸ்டிக்கை எடுத்தோம். கோட்டோடு ரப்பர் கையுறையும் கொடுக்கிறோம்; கோட்டுக் கை அதற்குள் போகும். கையுறையின் ஓரத்தை வெளியே மடித்துவிட்டால் வழிகிற மருந்து அந்த மடிப்பிலேயே நின்றுவிடும். அந்த மடிப்பு நான் சொன்னது. நல்ல யோசனை என்றெல்லாம் பெரியம்மா சொல்லவில்லை. உடனே ஒரு டம்ளர் தண்ணீரை என் கையில் ஊற்றிப் பார்த்தார்.

டிசம்பர் 12

ஈஸ்வரபாண்டி அண்ணனிடம் பெரியம்மா நேரில் போய்க் கேட்டுவிட்டு வந்தார். இன்னொரு தடவை பார்க்கலாம், அவ்வளவுதான் என்றாராம். போய்க் கேட்கவே என்ன தைரியம் வேண்டும்.

டிசம்பர் 16, செவ்வாய்

எட்டு மணிக்குக் கோட்டைப் போட்டார்கள். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. நானும் பெரியம்மாவும் வரப்பில் நின்று கல்தூண்களையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றிலும் ஒன்றும் தொங்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் வேல்விழி மதினி கோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராக வந்தாள்.

"ஏக்கா, இம்புட்டுத் தச்சீகளே, போன் வைக்க ஒரு பை வச்சீகளா? நாளைக்கும் இதைப் போட்டுட்டு நிக்கணும்ல."

பெரியம்மா தன் போனை எடுத்துக்கொண்டு வரப்பில் நாலடி தள்ளிப் போனார். "அண்ணே, கடையில அந்தச் சேர்ல வேற ஆள உக்கார வச்சுக்கங்க" என்பது எனக்குக் கேட்டது.

வேல்விழி மதினி கோட்டை நீட்டியபடி நின்றாள்.

"எந்தப் பக்கம் வேணும் மதினி?" என்று கேட்டேன்.

இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். கோட்டை வாங்கி மடியில் விரித்து, அந்த இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டேன்.