பின் சக்கரத்து ரப்பர் குழாய்

தம்பி,

கார் சாவியைத் தேடாதே. என் கைப்பையில், என்னோடு கூட்டத்துக்கு வருகிறது. மாலை ஆறு மணிக்கு அம்மாவை மருத்துவமனைக்கு வாடகைக் காரில் அழைத்துப் போ.

நம் பழைய காருக்கு எஃகு இழை பின்னிய பிரேக் குழாய் போட்டதாகத் தெருவையே கூட்டிக் காட்டினாய். நானும் பூரித்தேன். இன்று காலை வாசல் பெருக்கக் குனிந்தால், முன் சக்கரங்களில் மட்டும் புதுக் குழாய் மின்னுகிறது. பின் சக்கரங்களிலோ வெடித்துப்போய் ஆயில் கசியும் அதே ரப்பர்! கேட்டால், "பின்னாடி யாருக்கா குனிஞ்சு பாக்கப் போறாங்க?" என்று சிரிக்கிறாய். ஊர் பார்க்கும் இடத்தில் பளபளப்பு, உயிரைக் காக்கும் இடத்தில் வெடிப்பு! எந்தப் போலித்தனத்தை மேடைதோறும் நின்று சாடுகிறேனோ, அது என் வீட்டு வாசலிலேயே நான்கு சக்கரத்தில் நிற்கிறது.

நான்கு மணிக்கு மெக்கானிக் வருவார். பின் குழாய்களை மாற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும்போது பிரேக்கை மிதிக்க ஓர் ஆள் வேண்டுமாம். கார்க் கதவைப் பூட்டாமல் விட்டிருக்கிறேன்; நீயே மிதி.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். என் மேலுள்ள கோபத்தைச் சோற்றில் காட்டாதே.

அக்கா

மறந்துவிட்டேன்: டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டு வை. கூட்டம் முடிந்து வந்ததும் நான் குனிந்து பார்ப்பேன். நீயும் என் பக்கத்தில் குனிவாய். அதன்பிறகுதான் சாவி.