என் குரலை நம்பாதீர்கள்

அன்புள்ள சியோசையா,

ஆண்டவர் உங்களையும் உங்கள் முழங்காலையும் காக்கட்டும். நான் நலம். தக்காளிக் கிடங்கின் குளிரில் தொண்டை கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே வங்கியில் கையெழுத்துக்குப் பதில் குரல்தான். போனில் பேசினால் ஆள் யாரென்று இயந்திரம் சொல்லிவிடும். நேற்று அது என்னை ஏற்கவில்லை.

"அம்மா, நீங்க நீங்கதானான்னு மெஷினுக்குச் சந்தேகமா இருக்கு," என்றாள் வங்கிப் பெண்.

"எனக்கு அது மேலதான்டி சந்தேகம். என் குரலை எங்க வச்சிருக்கீங்க?" என்றேன். சிரித்துவிட்டு, தொண்டை சரியானதும் மறுபடி கூப்பிடச் சொன்னாள்.

என்னோடு வேலை செய்யும் லுசேயின் குரலைத் திருடி, நம் டோங்காவில் இருக்கும் அவள் மகனையே எவனோ ஏமாற்றிவிட்டான்.

அதனால் நான் கூப்பிட்டாலும் உடனே நம்பாதீர்கள். உங்கள் அம்மாவின் சாவுச் சடங்கில், என் அம்மா முடைந்த தாழம்பாயை உங்கள் அக்கா, மூத்தவளுக்குச் சேரவேண்டிய முறை என்று சொல்லி அள்ளிக்கொண்டு போனாளே, அதைப் பற்றிக் கேளுங்கள்.

தொண்டைக்கு நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் அனுப்புங்கள். ஞாயிறன்று கோயிலில் எல்லோரும் பாடும்போது போனைச் சற்று நீட்டிப் பிடியுங்கள்.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். பாயைப் பற்றிக் கேட்டதும் திட்டினால், அது நான். "போகட்டும், மன்னிச்சிட்டேன்" என்றால் போனை வைத்துவிடுங்கள்.

உங்கள்
கலோலைன்