வரிசையில் முதல் பெயர்

லோன் பைன் பள்ளத்தாக்கு, கென்டக்கி
செப்டம்பர் 4

என் டாக்டர் பேத்தி ஷெல்பிக்கு,

நலமா கண்ணு? அஞ்சாம் வகுப்போடு நின்றவள் வீட்டில் ஒரு டாக்டர்! நாலு வருஷப் படிப்பை மூன்றே வருஷத்தில் முடித்து நம் ஊருக்கே வரப்போகிறாய் என்று சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வசந்தத்தில் பூட்டிய கிளினிக் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. "வேற டாக்டரைத் தேடி அலையாதீங்க, என் பேத்தி வர்றா" என்றேன். உடனே யாருக்கு முதலில் பார்ப்பது என்று சண்டை. பெயர்களை ஒரு தாளில் எழுதி சர்ச் கதவில் ஒட்டினேன். நாற்பத்தோரு பேர். பக்கத்து வீட்டு ஹோபர்ட் புண்ணுக் காலை இழுத்துக்கொண்டு வந்து, "ஏ வெர்டி, என்னை ரெண்டாவதா போட்டிருக்கியே, முதல்ல யாரு, கவர்னரா?" என்கிறான்.

முதல் பெயர் என்னுடையது. எனக்கு அந்த உரிமைகூட இல்லையா?

அன்புடன்,
அம்மாச்சி

செப்டம்பர் 12

அன்புள்ள அம்மாச்சி,

தாள் கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நான் வர இன்னும் இருபது மாதம் இருக்கிறது. ஹோபர்ட் தாத்தாவுக்குச் சர்க்கரை. அந்தக் கால் அதுவரை தாங்காது. அதிருக்கட்டும், உங்களுக்கு என்ன செய்கிறது? மறைக்காமல் எழுதுங்கள்.

ஷெல்பி

செப்டம்பர் 20

கண்ணு,

இடது மார்பில் ஒரு கட்டி. போன கிறிஸ்துமஸில் பட்டாணி அளவு, இப்போது வால்நட் அளவு. முன்பின் தெரியாதவன் கை படுவானேன், நீயே வந்து பார் என்று வைத்திருக்கிறேன். ராத்திரிதான் முதுகு கொஞ்சம் வலிக்கிறது. நீ கவலைப்படாமல் பரீட்சை எழுது. பீன்ஸ் ஊறுகாய் ஆறு பாட்டில் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மாச்சி

செப்டம்பர் 25

அம்மாச்சி,

காலில் விழுந்து கேட்கிறேன், நாளைக்கே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகாவிட்டால் நானே வந்து தூக்கிக்கொண்டு போவேன். இந்த மூன்று வருஷப் படிப்பில் விடுப்பே கிடையாது, பாதியில் வந்தால் இடம் போய்விடும். இடம் போனால் போகட்டும்.

ஷெல்பி

அக்டோபர் 19

கண்ணு ஷெல்பி,

போனேன். எலும்புக்கும் பரவிவிட்டதாம். "இவ்வளவு நாள் ஏன் வரலை?" என்று கேட்டார் அந்த டாக்டர். "என் டாக்டர் இன்னும் படிச்சிட்டிருக்கா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எழுந்து நின்று, "காத்திருக்காதீங்க, நான் சொன்னது தப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அந்தத் தாளைக் கிழித்தேன். பாஸ்டர் சர்ச் வேனில் எல்லோரையும் நகரத்துக்குக் கூட்டிப்போகிறார். ஹோபர்ட் மட்டும் ஏறவில்லை. பாதம் கறுத்துவிட்டது. பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். கெஞ்சினேன். "நீயே போட்ட வரிசைதானே வெர்டி? டாக்டரம்மா சொல்லட்டும், போறேன்" என்கிறான்.

நீ வராதே, படி. இப்போதே அவனுக்கு ஒரு வரி எழுது, போகச் சொல்லி. கீழே டாக்டர் என்று போட்டுக் கையெழுத்திடு. இன்னும் ஆகவில்லையே என்று தயங்காதே. அவனுக்கு அவ்வளவு நாள் இல்லை. எனக்கும்தான்.

உன் முதல் நோயாளி,
அம்மாச்சி