உங்கள் பகுதிக் கழிவுநீரில் கண்டது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மாமாவும் நலம். நீ போனை எடுக்கமாட்டாய் என்று தெரியும். கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

மாமாவுக்கு முட்டிவலி தேவலை. படியேறும்போது மட்டும் முனகுகிறார். உன் மகளுக்கு மேல்பல் முளைத்துவிட்டது. தவழ்ந்துபோய்ச் செருப்பைக் கடிக்கிறாள். பிடுங்கினால் ஊரையே கூட்டிவிடுகிறாள். குரல் அப்படியே உன்னுடையது.

ஊரார் மூடி மறைப்பதைப் பாட்டிலில் பிடித்துவந்து பார்க்கிறவள் என்று என்னைக் கேலி செய்வாயே, அந்த வேலையில்தான் இன்னும் இருக்கிறேன். கழிவுநீரேற்று நிலையங்களில் வாளியை இறக்கி மொண்டு, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறோம். அதை வடித்துச் சுத்தம் செய்து, தட்டில் வளர்த்த செல்களின்மேல் விடுவோம். குடலில் வாழும் வைரஸ் அதில் இருந்தால் செல்கள் சுருங்கி உதிரும். பெரும்பாலும் வயிற்றுப்போக்குக் கொடுக்கிற சில்லறை வைரஸ்கள்தான் கிடைக்கும்.

இந்த முறை உங்கள் பகுதி நிலையத்துத் தண்ணீரில் கிடைத்தது இளம்பிள்ளை வாத வைரஸ். சொட்டு மருந்தில் இருக்கும் வீரியம் குறைத்த கிருமியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இல்லை, நிஜமான கிருமிதான் என்று தலைமை ஆய்வகம் சொல்லிவிட்டது.

இதுவரை எந்தப் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அதை நம்பி உட்கார முடியாது. ஒரு தும்மல்கூட இல்லாமல் எத்தனையோ பிள்ளைகளின் வயிற்றில் புகுந்து வெளியே வந்துவிடும். யாரோ ஒரு பிள்ளையின் காலை மட்டும் முடக்கிவிட்டுப் போகும். எந்த வீட்டிலிருந்து வந்தது என்று எங்களால் சொல்ல முடியாது. உன் வீட்டுக் குழாயும் அங்கேதான் போய்ச் சேருகிறது.

வீடு வீடாகச் சொட்டு மருந்து கொண்டுபோனார்கள். உன் மனைவி கதவைத் திறக்கவில்லை. நான் போய்க் கேட்டேன். "அவர் வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் வெளியூர் வேலைக்குப் போயிருக்காரு அண்ணி, நான் எப்படிக் கொடுக்கிறது?" என்றாள். பிறகு, "கொடுக்கவும் பயமா இருக்கு, கொடுக்காம இருக்கவும் பயமா இருக்கு" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள். அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

உன் மூத்தவள் பொம்முவைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. அவளைச் சொட்டு மருந்துக்குத் தூக்கிப் போனவள் நான். அந்த வாரமே அவள் நம்மை விட்டுப் போய்விட்டாள். பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை இருந்தது என்று டாக்டர் சொன்னார். அது உன் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. பெற்றவனுக்கு எப்படி ஏறும்? கோபத்தை எங்காவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவள் நான். அது என்மேலேயே இருக்கட்டும், தம்பி. இந்தச் சின்னவளின் கால்களின்மேல் அதை வைத்துவிடாதே.

உன் மனைவிக்குப் போன் போட்டு ஒரு வார்த்தை சொல். அக்கா சொன்னதற்காக இல்லை என்று சேர்த்தே சொல், பரவாயில்லை.

உன் அக்கா

---

அன்புள்ள தம்பிக்கு,

நீ போன் செய்து மருந்து கொடுக்கச் சொன்னதாக உன் மனைவி மூச்சிரைக்க வந்து சொன்னாள். கூடப் போகலாம் என்று புறப்பட்டேன். பிள்ளையை என் கையில் கொடுத்து, "நீங்களே தூக்கிக்கிட்டு வாங்க அண்ணி" என்றாள். வேண்டாம் என்று பின்வாங்கினேன். அவள் விடவில்லை. வழி முழுக்க அவளை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றவே இல்லை.

முதல் சொட்டை உன் மகள் நர்ஸம்மாவின் சட்டைமேலேயே துப்பிவிட்டாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டே மறுபடி கொடுத்தார். அதன்பிறகு கொஞ்ச நாள், வேலைக்குப் போகுமுன் தினமும் உங்கள் வீட்டில் எட்டிப் பார்ப்பேன். நெற்றியைத் தொட்டால் என் விரலைப் பிடித்துக் கடிப்பாள். இப்போது பீரோவைப் பிடித்து எழுந்து நிற்கிறாள். கால் நல்ல உறுதி.

பக்கத்துத் தெருக்களிலும் விடாமல் கொடுத்தார்கள். தண்ணீரில் அந்த வைரஸ் சில வாரம் வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது. நாங்கள் மொண்டு பார்ப்பதை நிறுத்தவில்லை. ஒரு பிள்ளைக்கும் கால் விழவில்லை. எதுவும் நடக்கவில்லை என்பதுதான் எங்கள் வேலையில் நல்ல செய்தி. வைரஸ் நின்றுவிட்டது என்று தெரிந்த அன்று எங்கள் ஆய்வக டாக்டரம்மா எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அக்காதான் தூக்கிக்கொண்டு போனாள் என்று உன் மனைவி சொன்னதும், நீ "சரி" என்றாயாம். அந்தச் சரியை நான் எத்தனை விதமாகவோ சொல்லிப் பார்த்துவிட்டேன்.

லீவு கிடைத்தால் வா. மகள் உன்னை அடையாளம் தெரியாமல் அழுவாள், மனம் கலங்காதே. தூக்க அவசரப்படாமல், பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திரு. தானாக உன்னிடம் வருவாள்.

எனக்கும் அவ்வளவு போதும், தம்பி. பேச வேண்டாம். பக்கத்தில் வந்து உட்கார். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா