நகராமல் ஓடிய வாட்ச்

ஜூலை 14, திங்கள். மழை விட்டிருந்தது.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் மூடி வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள், அப்பாவிடம் சத்தியமாக வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

காலை ஓட்டம். வீடு, கிடங்குச் சந்து, பஜார் தெரு, படகுத்துறை, திரும்ப வீடு. எப்போதும் நாலு கி.மீ. ஷார்ஜா மாமா கொடுத்த, ஓடும் தூரத்தை அளக்கும் வாட்ச் இன்று 4.38 என்றது.

வாட்ச் கட்டினால்தான் தனியாக ஓட அனுமதி. திரும்பியதும் அப்பா போனில் வரைபடம் பார்ப்பார். கிடங்குச் சந்தில், நான் ஓடிய வழியைக் காட்டும் சிவப்புக் கோடு சுவரைத் தாண்டி, பையன்கள் கேரம் ஆடும் பழைய கிடங்குக்குள் போய் வந்திருக்கிறது.

"இங்கே ஆரைப் பாக்கப் போனே?"

"நான் போகலைப்பா."

"பின்னே, கோடு தானா போச்சா?"

அம்மா அடுப்பைப் பார்த்தே நின்றாள்.

ஜூலை 15, செவ்வாய். வெயில்.

4.41. கோடு மறுபடி உள்ளே.

அப்பா கத்தவில்லை. அதுதான் பயம். "இன்னொரு தடவை இப்படி வந்தா ஓட்டம் நிக்கும். சனிக்கிழமை ஜில்லா செலக்‌ஷனும் வேண்டாம்."

பி.டி. மிஸ்ஸிடம் அழுதேன். "ரெண்டு பக்கமும் உயரச் சுவர் இருந்தா சாட்டிலைட் சிக்னல் அதுல தட்டித் தட்டி வரும் மோளே. வாட்சுக்கு வழி தெரியாது. அப்பாட்ட சொல்லு."

சொன்னேன். "ஓ, மிஸ்ஸும் உன் கட்சியா?"

அப்பா மிளகுக் கிடங்கில் எடை போடுபவர். தினமும் முதல் சாக்குக்கு முன் இருபது கிலோ எடைக்கல்லை வைத்துத் தராசைச் சோதிப்பார். சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்திருக்கிறேன். வாட்சுக்கு மட்டும் ஏன் எடைக்கல் இல்லை?

ஜூலை 16, புதன். மேகம்.

கண்டுபிடித்தேன். பள்ளி மைதானம். ஒரு சுற்று 400 மீட்டர், டேப் வைத்து அளந்தது. பத்துச் சுற்று ஓடினேன். வாட்ச்: 4.02. அங்கே சுவர் இல்லை, வானம்தான்.

ஓடிவந்து காட்டினேன். அப்பா சிரித்தார். "பாத்தியா? ஒழுங்கா ஓடினா ஒழுங்கா வருது."

நானே என் கழுத்துக்குக் கயிறு கொடுத்துவிட்டேன்.

அதே நாள், இரவு.

வாட்ச் அப்பாவின் தலைமாட்டில் சார்ஜில் இருக்கும். எடுத்துவிட்டேன். என் அறை ஜன்னல் கிடங்குச் சந்தைப் பார்த்தது. கம்பியில் வாட்சைக் கட்டி, அதில் ஓட்டப் பதிவை ஆரம்பித்து வைத்தேன். தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தொடவே இல்லை.

0.00

0.04. காற்றுகூட இல்லை.

0.13

0.22. கட்டிய இடத்திலேயே ஓடுகிறது. சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். இதை அப்பாவிடம் காட்டினால்? அவர் முகம் எப்படிப் போகும்? அது இன்னொரு பயம்.

0.31

கதவு தட்டுகிறது.

"மோளே, வாட்ச் எங்கே? கதவைத் திற."

கழற்றக் கூடாது. அப்படியே இருக்கட்டும். அப்பாவே வந்து பார்க்கட்டும். கதவைத் திறக்கப் போகிறேன்.