வல்லத்தில் முளைக்காத வேர்க்கடலை

தை 9, வெள்ளி.

வல்லத்தில் விதைத்த வேர்க்கடலை முளைக்கவில்லை. பழைய விதையைப் புது மூட்டையில் மாற்றி விற்றதாக விற்பனையாளர் குமாரை விதைக் கம்பெனி வேலையை விட்டு நீக்கிவிட்டது.

"அவன் ஒருத்தன் பண்ண வேலை சார். நாளைக்கே பேப்பர்ல போட்டுடுங்க. வெவசாயிங்க மூட்டையத் திருப்பிக் கொண்டாந்து வாசல்ல அடுக்குறாங்க" என்றார் கம்பெனி மேலாளர், செய்தி சேகரிக்கப் போன என்னிடம்.

ஆனால் மூட்டையின் வாயில் இருப்பது மெஷின் தையல். அந்த மெஷின் கிடங்கில் இருக்கிறது. கிடங்குச் சாவி மேலாளரிடம்.

குமாருக்குப் போன் செய்து, காலையில் வீட்டுக்கு வருவதாகச் சொன்னேன். "இன்னாத்துக்கு சார்? நான்தான் பண்ணேன்னு எழுதிக்கோங்க" என்றார். வேலை போனவர் குரலில் கலக்கமே இல்லை.

சற்றுமுன் மேலாளர் அழைத்தார். "காலையில குமார் வூட்டுக்குப் போறீங்களாமே, சார்?"

நான் குமாரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். செய்தியை இன்று அனுப்பவில்லை.